சத்தம் போட்டுப் படித்த மார்கழிகள்

திரும்பி வரும் புத்தகத்தைக் கையில் வாங்கியதுமே, அதை எப்படிப் படித்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஓரளவு தெரிந்துவிடும். இருபத்தாறு வருஷம் கிளை நூலகத்தில் உட்கார்ந்தவளுக்கு இது பெரிய வித்தை இல்லை. தனியாகப் படித்தவருடைய புத்தகத்தில் பக்க முனை மடிந்திருக்கும். நடுவில் பஸ் டிக்கெட் இருக்கும். படுத்துக்கொண்டு படித்தது என்றால் முதுகு விட்டிருக்கும். இன்னொரு வகைப் புத்தகம் உண்டு. அதை விரித்தால் விறகுப் புகை வாசம் வரும். ஓரத்தில் ராகி மாவு படிந்த பெருவிரல் ரேகை தெரியும். பக்கங்களுக்கு நடுவில் காய்ந்துபோன அவரைக்கொட்டைத் தோல் ஒட்டியிருக்கும். வரிகளுக்கு இடையில் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளிகள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்திருக்க, ஒருவர் வாய்விட்டுப் படித்த புத்தகம் அது. நான் பத்திரமாகத் தனியே எடுத்து வைத்தவை இப்படிப்பட்ட புத்தகங்களைத்தான்.

ஓசூருக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் நடுவில் ஓர் ஊரில் என் நூலகம். 1996இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது தருமபுரி மாவட்டம். 2004 பிப்ரவரி 9ஆம் தேதி கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. பெயர்ப்பலகையில் பழைய பெயரை அழித்துப் புதிதாக எழுதினோம். கிருஷ்ணகிரி என்றால் வெயிலும் மாம்பழமும்தான் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வரும். எங்கள் பக்கம் வேறு. ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கார்த்திகை பிறந்தால் சாயங்காலம் ஐந்தரைக்கே ஸ்வெட்டரும் தலைத்துண்டும் வந்துவிடும். மார்கழியில் காலை எட்டு மணி வரைக்கும் ரோட்டில் பனி விலகாது.

குளிரோடு யானையும் வரும். ராகி முற்றுகிற பருவத்தில் கர்நாடகத்தின் பன்னேருகட்டா பக்கமிருந்து ஜவளகிரி வழியாகக் கூட்டம் கூட்டமாக இறங்கி, நொகனூர், சானமாவு காடுகளில் தங்கும். பொழுது சாய்ந்தபின் வெளியே போகாதீர்கள் என்று வனத்துறை ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போவார்கள். நூலகம் மாலையில் ஏழு மணி வரை திறந்திருக்க வேண்டும். ஆனால் ஆறு மணிக்கு மேல் நானும் டியூப்லைட்டும்தான். அந்தக் குளிர் மாதங்களில் என் வருகைப் பதிவேடு இளைத்துப்போகும். இந்த ஊரில் குளிர்காலத்துக்கும் படிப்புக்கும் ஆகாது என்றே பல வருஷம் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பை மாற்றியவர் ஒரு தாமதக்காரப் பெண்மணி.

எங்கள் நூலகத்தில் புத்தகத்துக்குக் கெடு 15 நாள். அந்த அம்மா ஒவ்வொரு முறையும் கெடு தாண்டித்தான் வருவார். 2013 ஜனவரியில் ஒரு நாள், நாற்பது நாள் கழித்துப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். நான் கோபமாகவே கேட்டேன்.

"ஏம்மா, இதுக்கு நாப்பது நாளா? வேற ரெண்டு பேர் கேட்டுட்டுப் போயிருக்காங்க."

"இன்னும் முடியல மேடம். ராத்திரிக்கு எட்டுப் பக்கம்தான் ஆகுது. பாப்பா படிக்கும், நாங்க கேப்போம். அவருக்கு ரெண்டாம் ஷிப்ட் வந்துட்டா அந்த வாரம் பூரா நிறுத்தி வெச்சிருவோம். அவர் இல்லாம படிச்சா சண்டைக்கு வர்றார்."

ஃபைனுக்குச் சில்லறையையும் எடுத்து வைத்தார். எனக்குப் பேச்சு வரவில்லை. அது ராஜாஜி எழுதிய 'சக்கரவர்த்தித் திருமகன்'. ஒரு வீடே ராத்திரி ராத்திரி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த புத்தகத்துக்கு, ஒரு ஆள் வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறார் என்று நினைத்துத் தாமதக் கட்டணம் வசூலித்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு வார விடுமுறை. அந்த வெள்ளி சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே அவர் வீட்டுக்குப் போனேன். ராத்திரி அங்கேயே தங்கினேன்.

அது கடுமையான மின்வெட்டுக் காலம். டிவி இருந்தது, கரண்ட் இல்லை. இப்படிப் படிக்கும் வழக்கமே மின்வெட்டால் வந்ததுதான் என்றார் அந்த அம்மா. கூடத்தில் ஓர் எமர்ஜென்சி லைட். அதன் வெளிச்சத்தில் நான்கு பேர் ஓர் அலுமினியக் குண்டானைச் சுற்றி உட்கார்ந்து அவரைக்கொட்டை பிதுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் மார்கழி, தை என்றால் பிதுக்கம்பருப்புக் குழம்பு இல்லாத வீடு கிடையாது. ஊறவைத்த கொட்டையைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் பருப்பு குண்டானில் துள்ளி விழும். தோல் கையிலேயே நிற்கும். ஒரு வேளைக் குழம்புக்குப் பருப்புச் சேர ஒரு மணி நேரம் பிடிக்கும். கைக்கு ஓயாத வேலை. காதுக்கும் மனசுக்கும் வேலையே இல்லை. வாசிப்புக்கு இதைவிட நல்ல சமயம் எங்கே கிடைக்கும்?

ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண் மட்டும் பிதுக்காமல் புத்தகத்தோடு சுவரில் சாய்ந்திருந்தாள். கைகேயி வரம் கேட்கிற இடம். அந்த வீட்டில் பேசுவது தெலுங்கு. பள்ளிக்கூடத்துப் படிப்பு தமிழ். அவள் ஒரு பத்தி படித்து முடிப்பதற்குள் மூலையில் கம்பளி போர்த்தியிருந்த பாட்டி, அவர்கள் பேச்சில் அவ்வா, கையை உயர்த்தினார். "அட்லா காது." அப்படி இல்லை என்கிறார். அவர் சின்ன வயதில் கேட்ட பாட்டில் கைகேயி வேறு மாதிரி அழுதாளாம். அதைத் தெலுங்கில் சொல்லி, ஓரடி பாடியும் காட்டினார். பெண் விட்ட வரியில் விரலை வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தாள். அவ்வா முடித்ததும் தமிழில் தொடர்ந்தாள். அந்தப் புத்தகத்திலேயே ராஜாஜி, வால்மீகி இப்படிச் சொல்கிறார், கம்பர் இப்படி மாற்றுகிறார் என்று இரண்டையும் அங்கங்கே ஒப்பிட்டுக்கொண்டு போவார். அன்றைக்கு அந்தக் கூடத்தில் வால்மீகி, கம்பரோடு அவ்வாவும் சேர்ந்துகொண்டார்.

அந்தப் பென்சில் புள்ளி என்னவென்றும் அன்றுதான் தெரிந்தது. படிக்கப்போகும் எட்டுப் பக்கத்தைப் பெண் சாயங்காலமே ஒருமுறை தனியாகப் பார்த்துவிடுவாள். மூச்சு விட வேண்டிய இடத்தில் புள்ளி வைத்துக்கொள்வாள். நூலகப் புத்தகத்தில் பென்சில் படக்கூடாது என்பது விதி. நான் பார்த்தும் பேசாமல் இருந்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது எங்கள் தாத்தா ஞாபகம் வந்தது. திண்ணையில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு 'பெரிய எழுத்து' புத்தகங்களை ராகம் போட்டுப் படிப்பார். நல்லதங்காள் கதை, விக்கிரமாதித்தன் கதை, அல்லி அரசாணி மாலை. எழுத்தைப் பெரிதாக அச்சடித்தது, மங்கலான விளக்கில் ஒருவர் படிக்க, படிக்கத் தெரியாத பத்துப் பேர் கேட்பதற்குத் தோதாக இருந்தது. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. இன்றைக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களில் நடக்கிறது. பழைய ஆட்கள் பாரதம் 'கேட்டேன்' என்பார்கள்; 'படித்தேன்' என்று சொல்ல மாட்டார்கள். நாவல் வந்தபிறகுதான் தமிழர்கள் தனியாக, மௌனமாகப் படிக்கும் பழக்கத்துக்கு மெல்ல மாறினார்கள் என்று ஆ. இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' புத்தகத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து நான் செய்துவந்த வேலை, நமக்கு அவ்வளவு பழைய வழக்கமில்லை என்பது அதைப் படித்தபோது உறைத்தது. கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் பீடி சுற்றும் இடங்களில் ஒருவர் பத்திரிகையையும் நாவலையும் உரக்கப் படிப்பார். அவர் பங்குக்கான பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். பிதுக்கம்பருப்பு வீட்டில் நான் பார்த்ததும் அதே ஏற்பாடுதான். பெண்ணின் பங்கு அவரைக்கொட்டையை அவள் அண்ணன் பிதுக்கினான்.

அந்த வீட்டுக்குப் போய் வந்த வேகத்தில் ஒரு தப்பும் செய்தேன். நூலகத்தில் சனிக்கிழமை மதியம் 'வாசிப்பு நேரம்' என்று ஆரம்பித்தேன். முதல் வாரம் பதினான்கு பிள்ளைகள். ஒரு கதையைப் படித்தேன். முடிந்ததும் கேள்வி கேட்டேன். சரியாகச் சொன்னவர்களுக்குப் பென்சில். மூன்றாவது வாரம் மூன்று பேர்தான் வந்தார்கள். வராமல்போன ஒரு பையனைக் கடைவீதியில் பிடித்துக் கேட்டேன். "அங்கயும் பரிட்சையா மேடம்?" என்றான். அந்தப் பிதுக்கம்பருப்பு வீட்டில் யாரும் யாரையும் கேள்வி கேட்கவில்லை. அவ்வா மறுத்தார், அம்மா உச்சுக்கொட்டினார், அண்ணன் 'அப்புறம்?' என்றான், அவ்வளவுதான். நான் கதையைப் பாடமாக்கிவிட்டேன். சனிக்கிழமை வகுப்பை நிறுத்தினேன். வீட்டில் படிக்கக் கேட்கிறவர்களுக்குத் தகுந்த புத்தகம் எடுத்துக் கொடுப்பது, அதுதான் என் வேலை என்று வைத்துக்கொண்டேன்.

அது சுலபமான வேலை இல்லை. கண்ணுக்கு நல்ல புத்தகம் எல்லாம் காதுக்கு நல்ல புத்தகம் ஆகாது. மதியம் ஆள் இல்லாத நேரத்தில் ஒவ்வொரு புத்தகத்திலும் இரண்டு பக்கத்தை நானே வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன். தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும். யார், எங்கே, எதற்கு, எப்படி என்று அடுக்கிக்கொண்டே போய் ஆறாவது வரியில் 'சென்றான்' என்று முடித்தால், கண்ணால் படிப்பவர் மேலே பார்த்துக்கொள்வார். காதால் கேட்பவருக்குப் பிடிமானம் இல்லை. வினைமுற்று வருவதற்குள் எனக்கு மூச்சு முட்டினால் அந்தப் புத்தகத்தை ஒதுக்கிவிடுவேன். உரையாடலில் யார் பேசுகிறார் என்று சொல்லாமல் கோடு மட்டும் போட்டு எழுதுகிறவர்கள் உண்டு. படிப்பவர் குரலை மாற்றத் தெரிந்தவராக இருந்தால் சமாளிக்கலாம். இல்லையென்றால் கேட்பவர் குழம்பிப்போவார். முழுக்க மனசுக்குள்ளேயே நடக்கும் நாவல்கள் வேண்டாம். எனக்குப் பிடித்த சில நாவல்களை இதனால் யாருக்கும் கொடுக்க முடியாமல் போனது. அந்த வருத்தம் இன்னும் உண்டு.

ராஜாஜி ஏன் எடுபட்டார் என்பது இப்படிப் பார்த்தால் விளங்கும். அவருடைய வாக்கியம் சின்னது. அந்த ராமாயணம் 1954, 55இல் 'கல்கி' பத்திரிகையில் வாராவாரம் வந்தது. பிறகு 1958இல் சாகித்ய அகாதெமி விருதும் பெற்றது. தொடராக வந்தவை சத்தமாகப் படிக்க ஏற்றவை என்பது என் அனுபவம். ஓர் அத்தியாயம் ஓர் உட்காரலில் முடியும். முடிகிற இடத்தில் நாளைக்கு என்ன என்று ஒரு கொக்கி இருக்கும். 'பொன்னியின் செல்வ'னும் அந்தக் காரணத்தால்தான் அத்தனை வீடுகளில் ஓடுகிறது. எங்கள் பக்கத்தில் ராஜாஜிக்கு இன்னொரு பலமும் உண்டு. அவர் பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்து ஊர். "நம்ம தொரப்பள்ளிக்காரர் எழுதினது" என்று சொன்னால் தெலுங்கு பேசுகிற வீடும் கன்னடம் பேசுகிற வீடும் கையை நீட்டி வாங்கிக்கொள்ளும்.

தெலுங்கு வீடுகளுக்கு நான் எடுத்துக் கொடுத்ததில் மறக்க முடியாதது கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. 1976இல் வந்த நாவல். தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் ஊரைவிட்டுக் கிளம்பித் தெற்கே கரிசல் காட்டில் வந்து குடியேறிய கதை. நூறு வயதைத் தாண்டிய ஒரு பூட்டி, பேரப்பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு சொல்வதாகவே அதில் பெரும்பகுதி போகும். கரிசல் வட்டாரச் சொல் எங்கள் பக்கம் புரியுமா என்ற தயக்கத்தோடுதான் கொடுத்தேன். புரியாத சொல் வந்தால் நிறுத்தி அவர்களே ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டார்களாம். ஒரு மாதம் கழித்து அந்த வீட்டுப் பெரியவர், நடக்க முடியாதவர், பேரனின் டூவீலரில் பின்னால் உட்கார்ந்து நூலகத்துக்கு வந்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஆள். மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு, "எங்க தாத்தா சொன்னதெல்லாம் இவருக்கு யார் சொன்னாங்க?" என்று கேட்டார். அட்டையில் இருந்த எழுத்தாளர் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் லைன் வீடுகளில் இருப்பவர்களின் கதை வேறு. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருநெல்வேலி என்று எங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள். ஒரே அறை, தாத்தா பாட்டி ஊரில். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி. இப்படிப்பட்ட ஒரு வீட்டில் அப்பா எட்டாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். நாலாவது படிக்கும் மகன் அவரைவிட வேகம். அவன் முன்னால் படிக்க அவருக்குக் கூச்சம். கதையில் வரும் பேச்சை மட்டும் நீங்கள் படியுங்கள், மற்றதை அவன் படிக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். பேச்சு வரி சின்னது. சொல்லும் வீட்டுச் சொல். ராஜாவாகவும் நரியாகவும் பூதமாகவும் பேசிப் பேசி, அடுத்த குளிர்காலத்துக்குள் அவர் முழுப் பக்கத்தையும் படிக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்கு மதிய ஷிப்ட் வந்த வாரங்களில் நடந்ததை மகன் ஞாயிற்றுக்கிழமை சொல்வானாம். அப்படித் திருப்பிச் சொன்னது படிப்பைவிட நீளமாகப் போயிற்று என்று அம்மா சொல்லிச் சிரித்தார்.

திருத்தம் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு ழகரம் ளகரமாகத்தான் வரும். படிக்கும்போது நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். தமிழாசிரியர்கள் சிலருக்கு இதில் என்மேல் வருத்தம். கதை ஓடிக்கொண்டிருக்கும்போது நாக்கைத் திருத்தினால் கதையும் நிற்கும், பிள்ளையும் நிற்கும். நாலு மாதம் வாய்விட்டுப் படித்த பிள்ளைக்கு நாக்கு தானாக வளைவதை நான் பார்த்திருக்கிறேன்.

கொரோனாக் காலத்தில் நூலகத்தை மூடி வைத்திருந்தோம். பிறகு 2021 அக்டோபர் 27ஆம் தேதி அரசு 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தெருவிலும் திண்ணையிலும் சாயங்கால வகுப்பு எடுத்த பெண்களில் சிலர் என்னிடம் புத்தகம் கேட்டு வந்தார்கள். அதில் ஒருத்தி, 2013இல் கைகேயி வரம் படித்த பெண். நான் ஓய்வு பெற்றது 2022இல். அதன்பிறகு பள்ளிக்கல்வித் துறை வாசிப்பு இயக்கம் என்று நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளில் சின்னச் சின்னப் புத்தகங்கள் கொண்டுவந்தது. பெரிய எழுத்து, சின்ன வாக்கியம், நிறையப் படம். ஓர் அடுப்பங்கரைச் சாயங்காலத்துக்கு அளவெடுத்த மாதிரி இருக்கின்றன. அவை பள்ளி அலமாரியோடு நின்றுவிடாமல் பிள்ளைகளின் பையில் வீட்டுக்கும் போக வேண்டும்.

கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் இப்போது இருக்கும் என் தம்பி தங்கைகளிடம் கேட்பது ஒன்றுதான். ராத்திரிக்கு எட்டுப் பக்கம் என்றால் 400 பக்கப் புத்தகத்துக்கு 50 ராத்திரி வேண்டும். மூன்று வாரத்தில் ஒரு வாரம் ஷிப்டுக்குப் போய்விட்டால் 75 நாள். நம் கெடு 15 நாள். அந்தக் கணக்கு ஒருவர் தனியாகப் படிப்பதற்காகப் போட்டது. நூலக வரியை நாம் வீட்டு வரியோடு, ரூபாய்க்கு 10 காசு என்று வாங்குகிறோம். தனி ஆளிடம் வாங்குவதில்லை. வரி கட்டுவது வீடு. அந்த வீடு சேர்ந்து உட்கார்ந்து படிக்கிறது என்று தெரிந்தால் கெடு முடிகிற அன்றே நீங்களாகப் புதுப்பித்து எழுதிவிடுங்கள். நான்கு முறை புதுப்பித்தால் 75 நாள் கிடைத்துவிடும். வேறு யாராவது அதே புத்தகத்தைக் கேட்டால் இன்னொரு பிரதி வாங்கித் தரச் சொல்லி மாவட்ட மைய நூலகத்துக்கு எழுதுங்கள். ராகி மாவுக் கறைக்காக மட்டும் யாரிடமும் காசு வாங்காதீர்கள்.